சோயா சாப்ட்டா பொம்பள ஹார்மோன் ஏறுமா? கேட்டா சொல்றேன், வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல மெனோபாஸ் மாத்திரை பத்தி நாலு வரி எழுதப்போயி, இந்த மாசம் வந்த கேள்வில முக்கால்வாசி சோயா பத்தியே இருக்கு. தவ்ஃபூ, தெம்பே, சைவ மட்டன், பசார் மாலாம்ல விக்கிற மாத்திரைன்னு எல்லாம் சுத்தி சுத்தி ஒரே எடத்துக்குத்தான் வருது, அதனால மத்த கேள்விய அடுத்த மாசத்துக்கு தள்ளி வச்சுட்டு இத மட்டும் பாத்துருவோம்.

கேள்வி: வணக்கம் அக்கா. எனக்கு 51 வயசு, மாதவிலக்கு நின்னு ஒரு வருசம் ஆச்சு. ராத்திரில திடீர்னு ஒடம்பெல்லாம் கொதிக்குது, வேர்த்து ஊத்துது. சந்தையில தவ்ஃபூ விக்கிற சீன அம்மா டெய்லி சோயா பால் குடி சரியாயிரும்ங்கறாங்க. என் மக டிக்டாக் பாத்துட்டு, அதுல பொம்பள ஹார்மோன் இருக்கு, குடிச்சா கேன்சர் வரும்ங்கறா. எது நெசம்? அது ஒடம்புக்குள்ள போயி அப்படி என்னதான் பண்ணுது?
*குடும்ப மாது, சுங்கை சிப்புட்*

தங்கச்சி, சீன அம்மா சொல்றதுல கொஞ்சம் நெசம் இருக்கு, ஒங்க மக சொல்றதுல அத விடவும் கம்மி. ஆனா நீங்க கடைசியா கேட்டீங்க பாருங்க, உள்ள போயி என்ன பண்ணுதுன்னு, அதுதான் சரியான கேள்வி, அத புரிஞ்சுக்கிட்டா டிக்டாக் டாக்டருங்க யாரு வந்து என்ன சொன்னாலும் நீங்களே எடை போட்டுக்கலாம்.

பொம்பள ஹார்மோன்னு எல்லாரும் சொல்றது ஈஸ்ட்ரோஜன. நம்ம ஒடம்புல சினைப்பை சுரக்கிற முக்கியமான ஈஸ்ட்ரோஜன் பேரு எஸ்ட்ராடியோல். அது கொழுப்புல கரையிற சின்ன மூலக்கூறு, அதனால ரத்தத்துல வந்து செல்லோட தோல சுலபமா தாண்டி உள்ள போயிரும். உள்ள அதுக்குன்னே ஒரு புரோட்டீன் காத்துக்கிட்டு இருக்கும், ஈஸ்ட்ரோஜன் ரிசெப்டர்னு பேரு, பெரும்பாலும் செல்லோட நியூக்ளியஸ்லயே இருக்கும். அந்த ரிசெப்டர்ல ஒரு பள்ளம் உண்டு. எஸ்ட்ராடியோல் அதுல போயி ஒக்காந்ததும் ரிசெப்டரோட ஒடம்பே லேசா திரும்பி, ஒரு ஓரத்துல இருக்கிற சின்ன சுருள் ஒண்ணு, விஞ்ஞானிங்க அத 12ஆம் சுருள்ம்பாங்க, வந்து அந்த பள்ளத்த மேல மூடிக்கும். மூடினாதான் வேலை. அப்புறம் ரெண்டு ரிசெப்டர் ஜோடி சேந்து டிஎன்ஏல குறிப்பிட்ட எடத்துல போயி ஒட்டிக்கும், ஒட்டினதும் மத்த உதவி புரோட்டீனுங்கள்லாம் வந்து சேரும், இந்த ஜீன ஓட்டு அந்த ஜீன நிறுத்துன்னு உத்தரவு போகும். கருப்பை உள் சவ்வு வளர்றது, எலும்பு தேயாம இருக்கிறது, மார்புல பால் குழாய் வளர்றது, மூளையில ஒடம்பு சூட்ட கட்டுப்படுத்தற எடம் அமைதியா இருக்கிறது எல்லாத்துக்கும் பின்னாடி இந்த உத்தரவுதான்.

இப்ப சோயாவுக்கு வருவோம். அதுல ஐசோஃபிளேவோன்னு ஒரு வகை பொருள் இருக்கு, அதுல பெரிய ஆளுங்க ரெண்டு பேரு, ஜெனிஸ்டீன், டெய்ட்சீன். இதுங்க ஹார்மோன் குடும்பமே கெடையாது, ஸ்டீராய்டும் கெடையாது. ஆனா எஸ்ட்ராடியோலுக்கு ரெண்டு முனையில ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேந்த பிடி ஒண்ணொண்ணு இருக்குல்ல, ஜெனிஸ்டீனுக்கும் கிட்டத்தட்ட அதே தூரத்துல அதே மாதிரி ரெண்டு பிடி அமைஞ்சு போச்சு. அதனால அந்த பள்ளத்துல இதுவும் போயி ஒக்காந்துக்குது. செடியிலேர்ந்து வர்ற இந்த மாதிரி பொருளுங்களைத்தான் ஃபைட்டோ ஈஸ்ட்ரோஜன்னு சொல்றாங்க.

ஒக்காந்துட்டா முழு வேலையும் நடக்குமான்னா நடக்காது. 1999ல ஒரு ஆராய்ச்சி கூட்டம் ஜெனிஸ்டீன் ஒக்காந்த ரிசெப்டர எக்ஸ்ரே வச்சு படம் புடிச்சு பாத்தாங்க, அந்த 12ஆம் சுருள் சரியா மூடாம அரைகொறையா வேற எடத்துல சாஞ்சு கெடந்துச்சு. அதனால உத்தரவும் அரைகொறையாத்தான் போகுது. எஸ்டேட்ல பொறந்தவங்களுக்கு இது புரிய ரொம்ப நேரம் ஆகாது. பெரட்டுல பெரிய மண்டோர் வராத அன்னிக்கு பதில் ஆளு ஒருத்தர் நின்னு பேரு கூப்பிடுவாரு, வேலை நடக்கும் ஆனா பெரியவரு நின்னா நடக்கிற அளவுக்கு நடக்காது, சரி. ஆனா பெரியவரு இருக்கிற நாள்லயே இந்த பதில் ஆளு முந்திக்கிட்டு அவரு எடத்துல நின்னுக்கிட்டா என்னாகும், வழக்கமா ஆகிற வேலையும் கொறைஞ்சு போயிரும்ல. ஃபைட்டோ ஈஸ்ட்ரோஜன் கத இதேதான். சொந்த ஈஸ்ட்ரோஜன் கொறைஞ்சு போன 51 வயசு ஒடம்புல அது லேசா ஈஸ்ட்ரோஜன் வேலை பாக்கும், 25 வயசு பொண்ணு ஒடம்புல எஸ்ட்ராடியோல் நெறைய ஓடிக்கிட்டு இருக்கிறப்ப அதே பொருள் கொஞ்சம் எடத்த அடைச்சிக்கிட்டு எதிர்வேலை பாக்கவும் வாய்ப்பு உண்டு. ஒரே தவ்ஃபூ, ஆளுக்கு ஏத்த மாதிரி வேலை. டிக்டாக்ல முப்பது வினாடில இத சொல்ல முடியாது, அதான் கேன்சர்னு ஒரே வார்த்தைல முடிச்சிட்டு போயிடறாங்க.

இன்னொரு முக்கியமான சமாச்சாரம் இருக்கு, இத எங்கயும் விட்டுறாதீங்க. ரிசெப்டர் ஒண்ணு இல்ல, ரெண்டு. ஆல்ஃபான்னு ஒண்ணு, அதோட ஜீன 1986ல முழுசா படிச்சாங்க, பத்து வருசத்துக்கு அதுதான் எல்லாம்னு நெனைச்சுக்கிட்டு இருந்தாங்க. 1996ல ஸ்வீடன்ல எலியோட புரோஸ்டேட் சுரப்பில தேடிக்கிட்டு இருந்தப்ப இன்னொண்ணு ஆப்ட்டுச்சு, அதுக்கு பீட்டான்னு பேரு வச்சாங்க. ஆல்ஃபா கருப்பையிலயும் மார்புலயும் கல்லீரல்லயும் ஜாஸ்தி, வளர்ச்சிய தூண்டறதுல அதுக்கு பெரிய பங்கு. பீட்டா சினைப்பை, புரோஸ்டேட், குடல், நுரையீரல் இங்கெல்லாம் இருக்கு, பல எடத்துல ஆல்ஃபாவோட வேகத்த அடக்கி வைக்கிற வேலைய பாக்குது. நம்ம எஸ்ட்ராடியோலுக்கு ரெண்டும் ஒண்ணுதான், பாகுபாடு பாக்காம ஒட்டும். ஜெனிஸ்டீன் அப்படி இல்ல, சோதனைக்கு சோதனை கணக்கு மாறினாலும் பீட்டாவோடதான் அதுக்கு பல மடங்கு ஒட்டுதல் ஜாஸ்தி. அதனாலதான் மாத்திரையா வர்ற ஈஸ்ட்ரோஜனும் தவ்ஃபூவும் ஒண்ணு இல்லைன்னு டாக்டருங்க சொல்றாங்க.

அளவு? ஜீன ஓட வைக்கிற பலம்னு பாத்தா ஐசோஃபிளேவோன் எஸ்ட்ராடியோல விட நூறு மடங்குலேர்ந்து பத்தாயிரம் மடங்கு வரைக்கும் பலம் கொறைஞ்சது, எந்த சோதனை எந்த செல்லுன்னு பொறுத்து மாறும். ஆனா எண்ணிக்கைல அது ஜெயிச்சிரும், ஏன்னா எஸ்ட்ராடியோல் ரத்தத்துல பிகோகிராம் கணக்குல, அதாவது ஒரு கிராம்ல லட்சம் கோடில ஒரு பங்குங்கற கணக்குல ஓடுது, ஒரு தட்டு தெம்பே சாப்ட்ட ஆளு ரத்தத்துல ஐசோஃபிளேவோன் அதுக்கு ஆயிரம் மடங்குக்கு மேலயும் போகலாம். ஐயோன்னு பதறாதீங்க, அதுல பெரும்பகுதிய குடலும் கல்லீரலும் சர்க்கரையோ சல்ஃபேட்டோ ஒட்டி கட்டிப்போட்டுத்தான் அனுப்பும், கட்டிப்போட்டது ரிசெப்டர்ல ஒழுங்கா ஒக்காராது, அவுந்து சும்மா திரியிறது ரொம்ப கொஞ்சம்தான். மறுநாளைக்குள்ள நெறைய மூத்திரத்துல போயிரும்.

சரி ஒங்க ராத்திரி சூட்டுக்கு ஒதவுமா? 2012ல பல ஆராய்ச்சிய ஒண்ணா கூட்டி கணக்கு பாத்தாங்க, மருந்தே இல்லாத சும்மா மாத்திரை சாப்ட்டவங்கள விட ஐசோஃபிளேவோன் சாப்ட்டவங்களுக்கு அந்த சூடு வர்ற தடவை சுமார் 20% கூடுதலா கொறைஞ்சுச்சு. டாக்டர் குடுக்கிற ஹார்மோன் மாத்திரை இத விட ரொம்ப நல்லா கேக்கும், அதனால ராத்திரி தூக்கமே போயிருச்சுன்னா சீன அம்மாவோட நிறுத்திக்காம கிளினிக் கெசிஹாத்தான் போயி பேசுங்க. லேசான தொந்தரவுன்னா தெனம் ஒரு கிளாஸ் சோயா பால், கொஞ்சம் தவ்ஃபூ, வாரத்துல ரெண்டு மூணு நாளு தெம்பேன்னு ரெண்டு மூணு மாசம் சாப்ட்டு பாருங்க, நாலு நாள்ல மந்திரம் நடக்காது. 100 கிராம் தவ்ஃபூல சுமார் 20லேர்ந்து 30 மில்லிகிராம் ஐசோஃபிளேவோன் இருக்கும், தெம்பேல அத விட ஜாஸ்தி. சோயா பால்ல சீனி போடாதத வாங்குங்க, நம்ம ஊர்ல சோயா பால்னா பாதி சக்கர தண்ணிதான், ஐசோஃபிளேவோன் வந்துச்சோ இல்லியோ இனிப்பு நீர் நோய் வந்துரும்.

கேள்வி: நானும் எங்க அண்ணியும் சேந்துதான் சோயா சாப்ட ஆரம்பிச்சோம். அவங்களுக்கு சூடு நல்லா கொறைஞ்சிருச்சுங்கறாங்க, எனக்கு ஒண்ணுமே இல்ல. நான் சமைக்கிறதுல கோளாறா?
*லிந்தாங் வாசகி*

சமையல்ல ஒரு கோளாறும் இல்லம்மா, கொடல்ல வாழுற கிருமிங்களோட வேலை. சோயாவுல இருக்கிற டெய்ட்சீன சில பேரு கொடல்ல இருக்கிற பேக்டீரியா ஈக்வோல்னு வேற ஒரு பொருளா மாத்தும். ஈக்வோல் டெய்ட்சீன விட ரிசெப்டர்ல நல்லா ஒட்டும், பீட்டா பக்கம்தான் சாயும், ரத்தத்துலயும் ரொம்ப நேரம் நிக்கும். ஆனா எல்லா கொடல்லயும் அந்த பேக்டீரியா இல்ல. வெள்ளக்காரங்கள்ல சுமார் மூணுல ஒருத்தருக்குத்தான் இது நடக்குது, ஜப்பான் சீனா பக்கம் பாதி பேருக்கு இல்ல அதுக்கும் மேல. அண்ணி கொடல்ல அந்த கூட்டம் இருக்கலாம், ஒங்க கொடல்ல இல்லாம இருக்கலாம். ஆன்டிபயாடிக் சாப்ட்டாலும் இது மாறும்.

ஜப்பான்ல ஈக்வோலையே மாத்திரையா விக்கிறாங்க. அதுக்காக ஆன்லைன்ல ஆர்டர் போட்டு நூறு இருநூறு வெள்ளிய அழிக்காதீங்க.

இன்னொண்ணு, தெம்பேக்கும் தவ்ஃபூக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அவரையில ஐசோஃபிளேவோன் ஒரு சர்க்கரையோட ஒட்டிக்கிட்டுதான் இருக்கும், அந்த சர்க்கரைய கழட்டினாதான் ஒடம்பு உறிஞ்சும். தவ்ஃபூன்னா கழட்டற வேலைய நம்ம கொடல் பாக்கணும், தெம்பேல பூஞ்சை ஏற்கனவே ஒரு பகுதிய கழட்டி குடுத்துரும். வாழ எலையில கட்டி விக்கிற தெம்பே கெடச்சா வாங்குங்க, வெள்ளையா கெட்டியா இருக்கணும், கொட்டை கொட்டையா உதிர்ந்தா வாங்காதீங்க. நல்லெண்ணெயில பொரிச்சு, சம்பால்ல போட்டு பெரட்டி எடுத்தா சோத்துக்கு வேற ஒண்ணும் வேணாம்.

கேள்வி: அக்கா, நான் ஜிம் போறேன், 22 வயசு. புரட்டாசி மாசம் வீட்ல சைவம், அம்மா டெய்லி சைவ மட்டனும் ஃபூச்சோக்கும்தான் ஆக்குறாங்க. ஜிம்ல இருக்கிற அண்ணன் சோயா சாப்ட்டா டெஸ்டோஸ்டிரோன் எறங்கிரும், மாரு வந்துரும்னு கிண்டல் பண்றாரு. நெசமா?
*பேரு வேணாம், ஈப்போ ரோடு*

தம்பி, ஜிம் அண்ணன கொஞ்சம் ஓரமா நிக்க சொல்லு. ஆம்பளைங்க ஒடம்புலயும் ஈஸ்ட்ரோஜன் இருக்கு, ரிசெப்டர் ரெண்டும் இருக்கு, அதனால அவரு பயத்துக்கு ஒரு வேர் இருக்குதான். ஆனா ஆம்பளைங்கள வச்சு நடந்த ஆராய்ச்சி நெறையா இருக்கு, அத 2010லயும் 2021லயும் ரெண்டு தடவ ஒண்ணா கூட்டி பாத்தாங்க, சோயாவாலயும் ஐசோஃபிளேவோனாலயும் டெஸ்டோஸ்டிரோன் எறங்கல, ஈஸ்ட்ரோஜனும் ஏறல. அப்ப இந்த கத எங்கேர்ந்து வந்துச்சுன்னா, 2008ல அமெரிக்காவுல 60 வயசு ஆளு ஒருத்தருக்கு மாரு வளர்ந்து வலி கண்டு டாக்டர்கிட்ட போனாரு, கேட்டு பாத்தா அவரு தெனம் கிட்டத்தட்ட மூணு லிட்டர் சோயா பால் குடிச்சுக்கிட்டு இருந்தாரு. நிறுத்தினதும் ஹார்மோன் சரியாயிருச்சு. அந்த ஒரு ஆளு கதைதான் உலகம் பூரா ஜிம் ஜிம்மா சுத்துது. நீ தெனம் மூணு லிட்டர் குடிக்கிறியா?

சைவ மட்டன்ல இன்னும் ஒரு கூத்து இருக்கு. அது சோயா புரோட்டீன், கோதுமை புரோட்டீன் எல்லாம் கலந்து பிசைஞ்சு செய்யிறது, சோயா புரோட்டீன பிரிக்கும்போது ஆல்கஹால்ல கழுவி எடுத்தாங்கன்னா ஐசோஃபிளேவோன்ல பெரும்பகுதி கழுவுற தண்ணியோட போயிரும். நீ பயப்படற பொருளே அதுல பாதி இருக்காது. அதுல பாக்க வேண்டியது உப்பும் எண்ணெயும்தான். ஃபூச்சோக்ல ஐசோஃபிளேவோன் நல்லாவே இருக்கு, அது சோயா பால் காய்ச்சும்போது மேல படியிற ஆடைதானே, ஆனா அதையும் நீ திங்கிற அளவுக்கு ஒண்ணும் ஆகாது. அம்மா ஆக்குறத மிச்சம் வைக்காம சாப்டு.

கேள்வி: ஐசோஃபிளேவோன்னு எதோ சொல்றாங்க. நான் முப்பது வருசம் எஸ்டேட்ல கிராணி வேலை பாத்தவன். ஒரு செடிக்கு எதுக்குமா பொம்பள ஹார்மோன்? அதுக்கு அதனால என்ன லாபம்?
*ஓய்வு பெற்ற கிராணி, சுங்கை சிப்புட்*

ஐயா, இந்த மாசத்துல எனக்கு ரொம்ப புடிச்ச கேள்வி ஒங்களுதுதான். செடி நமக்காக இத செய்யல. நீங்க எஸ்டேட்ல பாத்திருப்பீங்க, பழைய மரம் வெட்டி புதுசா ரப்பர் கன்னோ செம்பனை கன்னோ நட்டதும் நடுவுல கொடி வெதச்சு விடுவாங்களே, பியூரேரியா, கலோபோகோனியம்னு, மண்ணு அடிச்சிக்கிட்டு போகாம பச்சையா மூடிக்கும், லாலாங் வரவிடாது. அந்த கொடிய புடுங்கி பாத்தா வேர்ல சின்ன சின்ன உருண்டையா முடிச்சு இருக்கும், நகத்தால கிள்ளினா உள்ள ரோஸ் கலரா இருக்கும். அதுக்குள்ள பேக்டீரியா வாழுது, காத்துல இருக்கிற நைட்ரஜன எடுத்து செடிக்கு உரமா மாத்தி குடுக்குது. மண்ணுல அங்கங்க கெடக்கிற அந்த பேக்டீரியாவ வேர்கிட்ட வரவைக்க அவரை குடும்பத்து செடிங்க வேர்லேர்ந்து ஃபிளேவோனாய்டுன்னு ஒரு வகை பொருள கசிய விடும். சோயா செடி கசிய விடறது டெய்ட்சீனும் ஜெனிஸ்டீனும். பேக்டீரியா அத மோந்து பாத்ததும் அதுக்குள்ள ஜீனுங்க முழிச்சுக்கும், முடிச்சு போட வேண்டிய சமிக்ஞைய அது திருப்பி அனுப்பும். அதாவது ஐயா, இந்த பொருளே ஒரு உயிர் இன்னொரு உயிரோட ஜீனுக்கு அனுப்புற உத்தரவுதான், நம்ம ரிசெப்டர்ல போயி ஒக்காந்தது எதேச்சையா நடந்தது. பூஞ்சை தாக்கும்போதும் செடிங்க இந்த வகை பொருள கூட்டி சுரந்து தன்ன காப்பாத்திக்கும்.

எதேச்சைன்னாலும் சாதாரண விசயம் இல்ல. 1940கள்ல மேற்கு ஆஸ்திரேலியாவுல செம்மறி ஆட்டு மந்தைங்க குட்டி போடறத நிறுத்திருச்சு. ஆடு நல்லா கொழுத்துதான் இருக்கு, சீக்கு ஒண்ணும் தெரியல, ஆனா செனை புடிக்கல. கடைசில பாத்தா, மேய்ச்சலுக்குன்னு போட்ட ஒரு வகை க்ளோவர் புல்லுதான் காரணம், அதுல ஃபார்மோனோனெட்டின்னு ஒரு ஐசோஃபிளேவோன் நெறையா இருந்துச்சு. ஆட்டு வயித்துல அது டெய்ட்சீனா மாறி, அப்புறம் ஈக்வோலா மாறி, ஆட்டோட கருப்பையையே கெடுத்துருச்சு. 1946ல இத பத்தி எழுதினாங்க, க்ளோவர் நோய்னே பேரு வந்துருச்சு. பொழுதன்னிக்கும் அத மட்டுமே தின்ன ஆடு அது. மனுசன் யாரும் காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும் தவ்ஃபூவே திங்கிறது இல்ல, ஆனா அந்த ஆடுங்க இல்லைன்னா செடியில இருக்கிற ஈஸ்ட்ரோஜன இவ்வளவு பேரு உக்காந்து ஆராய்ச்சி பண்ணிருக்க மாட்டாங்க.

கேள்வி: எனக்கு மார்புல கேன்சர் வந்து ஆபரேசன் பண்ணி, இப்ப தமொக்சிஃபென் மாத்திரை சாப்டறேன். கோயில் அன்னதானத்துல தவ்ஃபூ சம்பால் போட்டா கூட பக்கத்துல இருக்கவங்க தொடாதேங்கறாங்க. நான் சாப்டலாமா கூடாதா?
*பேரு வேணாம்*

அன்னதானத்துல போடற தவ்ஃபூவ தாராளமா சாப்டுங்க. பக்கத்துல இருக்கவங்க சொல்றதுக்கு எது மூலம்னு சொல்றேன், கேட்டுட்டு நீங்களே அவங்களுக்கு பதில் சொல்லுங்க.

எம்சிஎஃப்-7ன்னு ஒரு செல் வகை உண்டு, மார்பு கேன்சர் வந்த ஒரு கன்னியாஸ்திரியோட நெஞ்சு நீர்லேர்ந்து 1970ல எடுத்தது, அந்த செல்லுங்க இன்னிக்கும் உலகம் பூரா லேப்ல வளந்துக்கிட்டு இருக்கு. ஈஸ்ட்ரோஜன் ஊத்தினா அது வேகமா பெருகும். அதுல ஜெனிஸ்டீன கொஞ்சமா ஊத்தினப்ப பெருகுச்சு. நெறையா ஊத்தினப்ப செத்துச்சு, ஏன்னா அந்த அளவுல ஜெனிஸ்டீன் ரிசெப்டர விட்டுட்டு டைரோசின் கைனேஸ்னு செல் வளர்ச்சிக்கு சமிக்ஞை கடத்தற என்சைமுங்களையும் புடிச்சு நிறுத்திரும். அந்த அளவுக்கு ரத்தத்துல ஏத்தறது சாப்பாட்டால நடக்கிற காரியம் இல்ல. அப்புறம் அதே செல்ல எலிக்கு வச்சு, எலிக்கு ஜெனிஸ்டீன் குடுத்து பாத்தப்ப கட்டி வளந்துச்சு, மார்புல ஈஸ்ட்ரோஜன் ரிசெப்டர அடைச்சு வைக்கிற ஒங்க தமொக்சிஃபென் வேலையவும் கெடுத்துச்சு. இதுதான் பயத்தோட ஊத்து. ஆனா எலி ரத்தத்துல அவுந்து திரியிற ஜெனிஸ்டீன் மனுசன விட ரொம்ப ஜாஸ்தி, அதோட கல்லீரல் நம்மள மாதிரி கட்டிப்போடறது இல்ல.

மனுசங்கள பாத்தா கத தலகீழ். ஷாங்காய்ல மார்பு கேன்சர் வந்து பொழச்ச 5,042 பொம்பளைங்கள தொடர்ந்து கவனிச்சாங்க, 2009ல முடிவு வந்துச்சு, சோயா உணவு நல்லா சாப்ட்டவங்களுக்கு கேன்சர் திரும்பி வர்றதும் சாவும் கம்மியாத்தான் இருந்துச்சு, தமொக்சிஃபென் சாப்ட்டவங்களையும் சேத்துதான் சொல்றேன். அமெரிக்க கேன்சர் சொசைட்டியும் சோயா உணவு சாப்டலாம்னுதான் சொல்லுது. ஆனா உணவு வேற, ஐசோஃபிளேவோன்ன பிழிஞ்சு எடுத்து மாத்திரையா விக்கிறது வேற. மாத்திரை பக்கம் ஒங்க நெலமையில இருக்கவங்க போகவே வேணாம், எதுனாலும் ஒங்க கேன்சர் டாக்டர்கிட்ட கேக்காம வாய்ல போடாதீங்க.

கேள்வி: பசார் மாலாம்ல காச்சிப் ஃபாத்திமா கோப்பி, தாய்லாந்து கிழங்கு மாத்திரைன்னு விக்கிறாங்க. மார்பு பெருசாகும், எளமை திரும்பும்னு போட்டுருக்கு. எல்லாம் செடிதானே, என்ன ஆகப்போவுது?
*இரண்டு பிள்ளைகளின் தாய், சாலாக்*

செடிதானேன்னு சொல்ற வார்த்தைதான் எனக்கு ஆகாது. அரளியும் செடிதான். அந்த தாய்லாந்து கிழங்கு பேரு வெள்ள குவாவ் குருவா, மேல கிராணி ஐயா கேள்வில சொன்ன பியூரேரியா கொடியோட ஒறவு. அதுல மிரோஎஸ்ட்ரோல்னு ஒண்ணு இருக்கு, சோயா ஐசோஃபிளேவோன விட ரொம்ப ரொம்ப பலமான ஈஸ்ட்ரோஜன் வேலை பாக்கும். பதில் ஆளு இல்ல அது, கிட்டத்தட்ட பெரிய மண்டோரேதான். எவ்வளவு போட்டுருக்காங்கன்னு தெரியாத மாத்திரைல அத வாங்கி சாப்டறது எதுக்கு? மாதவிலக்கு தாறுமாறாகும், கருத்தடை மாத்திரை சாப்டறவங்க, கருப்பையில கட்டி இருக்கவங்க, வீட்ல யாருக்காச்சும் மார்பு கேன்சர் வந்தவங்க கிட்டயே போகக்கூடாது.

காச்சிப் ஃபாத்திமா நம்ம நாட்டு காட்டு செடி, மலாய்க்காரங்க வீட்ல புள்ள பெத்த பொம்பளைங்களுக்கு காலங்காலமா குடுக்கிறது, எலிங்கள வச்சு ஆராய்ச்சியும் நடந்துருக்கு. பக்குவமா வீட்ல அவிச்சு குடுக்கிறது ஒண்ணு, கோப்பி பாக்கெட்ல சீனியோட கலந்து எளமை திரும்பும்னு விக்கிறது ஒண்ணு. கர்ப்பமா இருக்கவங்க தொடக்கூடாது. வாங்கித்தான் ஆகணும்னா டப்பால MALனு ஆரம்பிக்கிற பதிவு நம்பரும் ஹோலோகிராம் ஸ்டிக்கரும் இருக்கான்னு பாருங்க, நாட்டு மருந்துன்னா அந்த நம்பர் கடைசில ஆங்கில எழுத்து T இருக்கும். அந்த நம்பர, மருந்துங்கள பதிவு பண்ற அரசாங்க அமைப்பு என்பிஆர்ஏ (NPRA) வெப்சைட்ல தட்டி பாத்தா நெசமா போலியான்னு தெரிஞ்சிரும். கடைக்காரன் போன்ல காட்டற படத்த நம்பாதீங்க.

கேள்வி: பேரனுக்கு பசும்பால் பவுடர் ஒத்துக்கல, வயித்தால போவுது. கடையில சோயா பால் பவுடர் இருக்கு, அத மாத்திறலாமான்னு மருமக கேக்குறா.
*பாட்டி, எஸ்டேட் லயத்துலேர்ந்து*

அம்மா, நீங்களா மாத்தாதீங்க, மொதல்ல கிளினிக் டேசா மிஸ்ஸிகிட்ட கொழந்தைய காட்டுங்க, வயித்தால போறதுக்கு பவுடர்தான் காரணமான்னே இன்னும் தெரியாதுல்ல. சோயா பவுடர் மட்டும் குடிக்கிற கொழந்தைக்கு அதுதான் மூணு வேளையும் சாப்பாடு, அதனால அது ரத்தத்துல ஐசோஃபிளேவோன் அளவு அந்த கொழந்தையோட சொந்த எஸ்ட்ராடியோல விட 13,000லேர்ந்து 22,000 மடங்கு வரைக்கும் இருந்துச்சுன்னு 1997ல அளந்து சொன்னாங்க. கேக்க பயமாத்தான் இருக்கும். ஆனா சின்னதுல சோயா பவுடர் குடிச்சு வளந்து 20லேர்ந்து 34 வயசு ஆனவங்கள 2001ல விசாரிச்சு பாத்தப்ப பெரிய வித்தியாசம் எதுவும் தெரியல, பொண்ணுங்களுக்கு மாதவிலக்கு கொஞ்சம் கூட நாளு நீடிச்சுச்சு, வலி கொஞ்சம் ஜாஸ்திங்கறத தவிர. கேலக்டோசீமியா மாதிரி பொறவி கோளாறு இருக்கிற கொழந்தைக்கு டாக்டரே சோயா பவுடர் எழுதி குடுப்பாங்க. பசங்களுக்கு தேவ இருந்தா குடுக்கலாம், சும்மா மாத்திப்பாக்க குடுக்க வேணாம். கடையில பெரியவங்க குடிக்கிற சோயா பால கொழந்தைக்கு பாட்டில்ல ஊத்தி குடுக்கவே கூடாது, அது வேற, இது வேற.

கேள்வி: தைராய்டு மாத்திரையும் சோயா பாலும் ஒண்ணா சாப்டலாமா அக்கா?
*ஆசிரியை, தமிழ்ப்பள்ளி*

ஒண்ணா வேணாம் டீச்சர். சோயா அந்த தைராக்சின் மாத்திரைய கொடல்ல உறிஞ்ச விடாம தடுக்கும். மாத்திரைய காலையில வெறும் வயித்துல பச்ச தண்ணில போட்டுக்கிட்டு, பசியாற அரை மணி நேரமோ ஒரு மணி நேரமோ விடுங்க, சோயா பால மத்தியானத்துக்கோ சாயங்காலத்துக்கோ தள்ளி வச்சுக்குங்க. புதுசா தெனமும் சோயா குடிக்க ஆரம்பிக்கிறீங்கன்னா அடுத்த தடவ ரத்தம் எடுக்க போகும்போது டாக்டர்கிட்ட அத சொல்லிருங்க, மாத்திரை அளவ மாத்த வேண்டி வரலாம்.